குலாஷும் "கலப்பில்லாத மரபும்": ஒரு மறுப்பு



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம், வருத்தமில்லை. பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து முழுதும் படித்துவிட்டு வாருங்கள்.

நான்கு நாட்களாக ஒரே காணொளி ஐந்தாறு வாட்ஸப் குழுக்களில் சுற்றி வருகிறது. ஹங்கேரி நாட்டுச் சமையல். புல்வெளியில் ஒரு முக்காலி, அதில் தொங்கும் இரும்புக் கொப்பரை, உள்ளே செக்கச் சிவந்த குழம்பு. அதுவரை குறையில்லை. கீழே எழுதியிருப்பதுதான் விவகாரம்: "ஆயிரம் ஆண்டுகளாகக் கலப்பே இல்லாமல் தங்கள் உணவைக் காக்கும் இனம். அவர்களுக்கு எல்லாமே குலாஷ்தான்! நாமோ பீட்சாவுக்கு மரபை விற்றுவிட்டோம்." என்னிடம் படித்தவர்களில் பலர் இதற்குக் கைதட்டி, "அருமை", "இனமானம்" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முப்பத்துநான்கு வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால், வாங்கின சம்பளம் செரிக்காது.

அந்த நான்கு வரியில் இரண்டு பிழைகள். "எல்லாமே குலாஷ்" என்பது அறியாமை. அதைத் திருத்திவிடலாம். "ஆயிரம் ஆண்டு, கலப்பே இல்லை" என்பது அறியாமையோடு நிற்காது. அது ஆளை விரட்டும். எப்படி என்று கடைசியில் வருகிறேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: மகள் குடும்பம் புடாபெஸ்ட்டில் இருந்தபோது இரண்டு முறை போய், மொத்தம் ஏழு மாதம் தங்கினேன். வேலையில்லாத கிழவன் சந்தைக்கும் நூலகத்துக்கும் பக்கத்து வீட்டு அடுக்களைக்கும் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நான் எதைச் சாப்பிட்டேன், எதைச் சாப்பிடவில்லை என்பது என் வயிற்றுக்கும் எனக்கும் உள்ள விவகாரம்.

முதல் பிழைக்கு வருவோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரிதான். ஆனால் அது ஒரே பானைக்குச் சொன்ன பழமொழி. ஒரு நாட்டின் அடுக்களையில் இருக்கிற அத்தனை பானைக்கும் ஒரு பருக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன அர்த்தம்?

நாம் குலாஷ் என்று சொல்வதை அவர்கள் "குயாஷ்" என்று உச்சரிக்கிறார்கள். குயா என்றால் மாட்டுமந்தை. குயாஷ் என்றால் மாடு மேய்ப்பவர். ஆளின் பெயரே பண்டத்துக்கு ஆகிவந்தது. கருத்தாவாகுபெயர் போல வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபோல்ட் என்னும் பெருஞ்சமவெளியில் நீண்ட கொம்புள்ள சாம்பல்நிற மாடுகளை மேய்த்து, வியன்னா, வெனிஸ் வரை நடத்தியே ஓட்டிச் சென்று விற்ற மனிதர்களின் உணவு அது. வெட்டவெளியில் ஒரே பாத்திரத்தில் ஆக வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு பொக்ராச் என்று பெயர். கொழுப்பில் வெங்காயம், பாப்ரிகா மிளகாய்த்தூள், மாட்டிறைச்சித் துண்டுகள், கேரவே என்கிற சீரகம் போன்ற விதை, பிறகு நிறையத் தண்ணீர். பின்னாளில் உருளைக்கிழங்கு, கேரட், பார்ஸ்லி வேர், விரலால் கிள்ளிப் போடும் சிபெட்கே என்ற மாவுத்துண்டுகள் எல்லாம் சேர்ந்தன.

கவனியுங்கள்: நிறையத் தண்ணீர். குயாஷ் என்பது சூப். கரண்டியால் குடிப்பது. உலகம் முழுக்க ஓட்டல்களில் குலாஷ் என்று தட்டில் வைக்கிற கெட்டிக் குழம்பு ஹங்கேரியர் கணக்கில் குயாஷே கிடையாது. அதன் பெயர் பொர்கொல்ட். ஆஸ்திரியாக்காரர்களும் ஜெர்மானியர்களும் பொர்கொல்ட்டைப் பார்த்துவிட்டு அதற்கு குலாஷ் என்று பெயர் வைத்தார்கள்; அமெரிக்கர்கள் அதில் மக்ரோனியும் தக்காளியும் போட்டு அதையும் குலாஷ் என்றார்கள். பெயர் ஊர் சுற்றியது, பண்டம் ஊரிலேயே இருந்தது.

இனி கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன்.

குயாஷ்: தண்ணீர் அதிகம். சூப். மாவு கரைத்து ஊற்றமாட்டார்கள், சவர் க்ரீம் சேர்க்கமாட்டார்கள்.

பொர்கொல்ட்: பெயரிலேயே வறுப்பது, கருக்குவது என்ற பொருள் இருக்கிறது. வெங்காயம் தாராளம், தண்ணீர் மிகக் குறைவு. இறைச்சி தன் சாற்றிலேயே சுண்டி வேக வேண்டும். மாடு, பன்றி, ஆடு, ஏன், குடலில்கூடச் செய்வார்கள்.

பாப்ரிகாஷ்: கோழி, கன்றுக்குட்டி போன்ற இளம் இறைச்சி. முடிவில் மாவு கலந்த சவர் க்ரீம் சேரும். சிவப்பு இளஞ்சிவப்பாகும்.

தொக்காஞ்: இறைச்சியை நீளநீளமாக அரிவது. இதில் பாப்ரிகா மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. மிளகும் மார்ஜோரம் இலையும் தலைமை தாங்கும். (இதைப் படித்ததும் "தொக்கு என்ற நம் சொல்தான் அங்கே போனது" என்று ஒருவர் கிளம்புவார். வேண்டாம் ஐயா. இது பக்கத்து ருமேனிய மொழிச் சொல்லோடு உறவுடையது. எல்லாவற்றையும் நம் வீட்டுப் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடுவதும் ஒருவகை நுனிப்புல் மேய்ச்சல்தான்.)

நான்கும் இறைச்சி, நான்கும் வெங்காயம். வேறுபாடு தண்ணீர் எவ்வளவு, அரிவது எப்படி, புளிப்புக் க்ரீம் உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது. 1930களில் புகழ்பெற்ற சமையல் நூல் எழுதிய கரோலி குண்டெல் போன்றவர்கள் இந்த வேறுபாட்டை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியே ஓய்ந்தார்கள். சாம்பாரையும் ரசத்தையும் காரக்குழம்பையும் ஒருவன் "எல்லாம் கர்ரி" என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதா இல்லையா? அந்தக் கோபம் நமக்கு மட்டும் வந்தால் போதாது. அடுத்தவன் அடுக்களைக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

இந்த நான்கோடு முடிந்துவிட்டதா? இவை ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்துக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எந்தக் காணொளியும் காட்டாது. பார்ப்பதற்குப் பகட்டாக இருக்காதல்லவா!

அன்றாட உணவின் பெயர் ஃபோசெலேக். ஏதாவது ஒரு காய் அல்லது பருப்பு: பச்சைப் பட்டாணி, கீரை, பூசணி வகை, உருளை, பீன்ஸ், மைசூர்ப் பருப்பின் உறவான அவரைநிறப் பருப்பு. வேகவைத்து, கொழுப்பில் வறுத்த மாவைச் சேர்த்தோ மாவும் சவர் க்ரீமும் கரைத்து ஊற்றியோ கெட்டியாக்குவார்கள். முதல் முறைக்கு ராண்டாஷ், இரண்டாவதற்கு ஹபராஷ். சூப்பும் இல்லை, பொரியலும் இல்லை, இடைப்பட்ட பதம். பூசணிக்குச் சதகுப்பை இலை போடுவார்கள். மேலே ஒரு பொரித்த முட்டையோ ஒரு இறைச்சி வடையோ இருந்தால் அதுதான் மதியச் சாப்பாடு. பள்ளிக்கூடச் சாப்பாட்டறைகளில் நாள்தோறும் இதுதான். அவர்களில் பாதிப்பேருக்குக் கீரை ஃபோசெலேக் என்றால் பால்யகால ஏக்கம், மீதிப்பேருக்குப் பால்யகாலப் பயம். புத்தாண்டு அன்று பருப்பு சாப்பிட்டால் காசு சேரும் என்று நம்பிக்கை.

சூப்பு தனி உலகம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் சூப்பில்தான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை தெளிந்த இறைச்சிச் சாறு. புகையூட்டிய இறைச்சி போட்ட பீன்ஸ் சூப்பு. அதில் ஒன்றுக்கு மோர் யோக்காய் என்ற நாவலாசிரியர் பெயர். கோடையில் புளிப்புச் செர்ரிப் பழத்தில் குளிர்ந்த சூப்பு; இனிக்கும், புளிக்கும், ஆனாலும் சாப்பாட்டின் முதல் வகை அதுதான்!

மீன் சூப்புக்கு ஹலாஸ்லே என்று பெயர், மீனவர் சாறு. இதில் இரண்டு ஊர்ச் சண்டை. திசா ஆற்றங்கரைச் செகெட்டில் சிறு மீன்களையும் வெங்காயத்தையும் கரைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து வடித்து, அந்தச் சாற்றில் பெரிய மீன் துண்டங்களைப் போடுவார்கள். டான்யூப் கரையிலுள்ள பயா ஊரில் வடிப்பதே கிடையாது. கொப்பரையில் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும், மெல்லிய நூடுல்ஸோடு பரிமாறுவார்கள். ஒரு ஊர்க்காரரிடம் போய் இன்னொன்றைப் புகழ்ந்து பாருங்கள், பிறகு தெரியும்.

மாவுப் பண்டங்களைச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது. நூடுல்ஸ் மேல் பாலாடைக்கட்டி வகைத் தயிர்க்கட்டியும் பொரித்த பன்றிக்கொழுப்பும் தூவுவது ஒன்று. அதே நூடுல்ஸ் மேல் அரைத்த கசகசாவும் சர்க்கரையும் தூவுவது இன்னொன்று. இனிப்பு என்று நினைக்காதீர்கள், கெட்டியான சூப்புக்குப் பின் அதுவே பிரதான உணவு. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டும் தொல்தொத் காபொஸ்தா, கிறிஸ்துமஸ் நாட்களில் மறுபடி மறுபடி சூடுபண்ணி உண்பது. சூடாக்கச் சூடாக்கச் சுவை ஏறும் என்பார்கள். நம் பழைய மீன்குழம்பு ஞாபகம் வந்தால் தப்பில்லை.

இத்தனையையும் "எல்லாமே குலாஷ்தான்" என்று ஒரு வரியில் முடித்தவருக்கு என்ன மதிப்பெண் போடுவது?

இப்போது இரண்டாவது பிழை. ஆயிரம் ஆண்டு, கலப்பே இல்லை.

ஹங்கேரி என்ற அரசுக்கு ஆயிரம் வயது உண்டு. இஷ்ட்வான் மன்னர் முடிசூடியது 1000-ஐ ஒட்டி. அவர் உண்ட தட்டில் பாப்ரிகா இருந்திருக்க முடியுமா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் கடல் கடந்தது 1492. உருளைக்கிழங்கும் அங்கிருந்து வந்ததுதான், தக்காளியும் அப்படியே. காணொளியில் கொதிக்கிற கொப்பரையிலிருந்து அமெரிக்காவிலிருந்து வந்தவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாடும் வெங்காயமும் தீயும்தான்.

15-ஆம் நூற்றாண்டில் மாத்யாஷ் மன்னரின் அரண்மனையில் இருந்த இத்தாலிய அறிஞர் கலியோட்டோ மார்சியோ அங்குள்ள விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இறைச்சி வகைவகையான சாறுகளில் வருமாம். குங்குமப்பூ, இஞ்சி, மிளகு, பட்டை, கிராம்பு தாராளமாம். அதாவது அன்றைய ஹங்கேரிய விருந்து சிவப்பில்லை, மஞ்சள்! அந்த மன்னர் 1476-இல் நேப்பிள்ஸ் இளவரசி பெயாட்ரிஸை மணந்தபோது இத்தாலியச் சமையலும் கூடவே வந்து இறங்கியது.

மிளகாய் எப்போது வந்தது? 1541 முதல் 1686 வரை புடா நகரம் துருக்கியர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் வந்த செடிக்கு ஹங்கேரியர் முதலில் வைத்த பெயர் "துருக்கி மிளகு". பாப்ரிகா என்ற சொல்லே தெற்கத்திய ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. முதலில் தோட்டத்து அழகுச்செடி; பிறகு மிளகு வாங்கக் காசில்லாத ஏழைகளின் காரம்; அரண்மனைக்கு வந்ததெல்லாம் பிற்பாடு. 1859-இல் செகெட்டின் பால்ஃபி சகோதரர்கள் காரமான நரம்பையும் விதையையும் நீக்கி அரைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த மென்மையான, இனிப்பான பாப்ரிகா பெருவாரியாகப் பரவியது. அதே செகெட்டில்தான் 1930களில் ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜி பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு வாங்கினார். நம் ஊருக்கும் மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதான். இரண்டு ஊரும் வந்த செடியைத் தம் செடி ஆக்கிக்கொண்டன. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மேய்ப்பர் உணவு தேசிய உணவு ஆனதற்கும் ஒரு தேதி உண்டு. 1784-இல் ஹப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் ஆட்சிமொழியாக ஜெர்மனைத் திணித்தார். நாமும் மொழித்திணிப்பு அறிந்தவர்கள், விளக்க வேண்டியதில்லை. அதுவரை வியன்னா நாகரிகத்தில் மிதந்த ஹங்கேரியப் பிரபுக்கள் தங்கள் மொழி, தங்கள் உடை என்று திரும்பியபோது மாட்டுக்காரனின் கொப்பரையும் மரியாதை பெற்றது. எதிர்ப்பில் பிறந்த பெருமை அது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது ஏறத்தாழ இருநூற்று நாற்பது வருடக் கதை, ஆயிரம் வருடக் கதை இல்லை.

மற்றவற்றையும் பாருங்கள். முட்டைக்கோஸ் சுருள் துருக்கியர் உறவு. ருமேனியரும் செர்பியரும் அதையே சர்மாலே, சர்மா என்று தம் தேசிய உணவாகச் சொல்கிறார்கள். பொர்கொல்ட்டோடு உண்ணும் நொகெட்லி, ஜெர்மானியரின் ஸ்பெட்ஸ்லேக்கு உடன்பிறப்பு. முட்டைக்கோஸை அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் ஒரு வகைக்குக் கொலொஷ்வார் நகரின் பெயர். அந்த நகரம் 1920 த்ரியானோன் உடன்படிக்கைக்குப் பின் ருமேனியாவில் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்தது, அடுப்பு நகரவில்லை.

"சரி சார், சாப்பாட்டில் எதற்கு அரசியல்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்தப் பகுதி.

ஹங்கேரியில் ஷோலெத் என்று ஒரு பண்டம். உலர்ந்த பீன்ஸ், பார்லி, வாத்து இறைச்சி, ஓட்டோடு முட்டை எல்லாம் போட்டு இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வேகவைப்பது. யூதர்களின் உணவு. சனிக்கிழமை ஓய்வுநாளில் அவர்கள் நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பானையை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் மதியம் சூடாக எடுப்பார்கள். இன்று அந்த ஷோலெத் ஹங்கேரியர் எல்லோருடைய உணவு. யூதர் தொடாத பன்றி இறைச்சியைப் போட்டே பலர் செய்கிறார்கள். டின்னில் அடைத்துக் கடையில் விற்கிறது.

அதைச் சமைத்துத் தந்த மக்கள் எங்கே?

1944 மே 15 முதல் ஜூலை 9 வரை. எட்டே வாரங்கள். ஹங்கேரியின் ஊர்களிலிருந்து ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போன இடம் ஆஷ்விட்ஸ். ஏற்ற உத்தரவிட்டது நாஜிகள். வீடுவீடாகப் போய்ப் பிடித்து வந்தது ஹங்கேரியின் சொந்தக் காவற்படை. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அந்த நாட்டில் பேசப்பட்ட பேச்சு என்ன? தூய்மை. கலப்பின்மை. "இவர்கள் நம்மவர் இல்லை." போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை இன்னொரு கூட்டத்தை விரட்டினார்கள், இந்தமுறை, தலைமுறைகளாக அங்கே உழுது வாழ்ந்த ஜெர்மானியக் குடியானவர்கள்.

ஆளை அனுப்பிவிட்டு அவன் பானையை வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பானைக்கும் "கலப்பில்லாத மரபு" என்று பெயர் வைக்கிறோம், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, நாம். தம்பி, சாப்பாட்டில் அரசியலைக் கொண்டுவந்தது நானில்லை. "கலப்பில்லாத" என்ற சொல்லை எழுதியவர் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியப் பெருமை என்ற பலகை மாட்டினால் யாரும் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. அது கலப்படக்காரனுக்கு வசதி. 2004 அக்டோபரில் ஹங்கேரி அரசு சில நாட்கள் பாப்ரிகாத் தூள் விற்பனையையே நிறுத்தியது. இறக்குமதி மிளகாயை உள்நாட்டுத் தூளோடு கலந்து விற்றதும், அதில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்ததும் வெளிவந்தன. தேசியச் சின்னத்தின் பெயரால் விற்ற தூள் அது!

"அப்படியானால் மரபு என்று ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். இருக்கிறது. அது பொருளின் வயதில் இல்லை, கைப்பழக்கத்தில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மூதாட்டி எனக்குச் சொல்லித் தந்த ஒன்றைக் கேளுங்கள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, பன்றிக்கொழுப்பில் கண்ணாடி போலாகும்வரை வதக்க வேண்டும். சிவக்க விடக் கூடாது. பிறகு பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகுதான் பாப்ரிகாத் தூள். கிளறியதும் உடனே இறைச்சியோ ஒரு கரண்டித் தண்ணீரோ சேர்த்துவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். ஏன்? அந்தத் தூளில் சர்க்கரை அதிகம். நேரடிச் சூட்டில் சில நொடியில் கருகிக் கசந்துவிடும். பிறகு எதைப் போட்டாலும் சரிப்படாது. அந்த இறக்கி ஏற்றுகிற சில நொடிதான் ஹங்கேரியச் சமையல். "துருக்கி மிளகு" என்ற பெயர் அழிந்தது, அமெரிக்கச் செடியின் ஊர் மறந்தது. இந்தக் கைப்பழக்கம் மட்டும் அவர்களுடையது. பலமுறை கருக்கிக் கருக்கி, தாயிடமிருந்து மகளுக்கு, மேய்ப்பனிடமிருந்து சிறுவனுக்கு வந்தது. இதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. நான் தமிழன், எழுபது வயதில் கற்றுக்கொண்டேன்.

தூய்மை என்று பேசுகிறவருக்கு இந்த நொடி கண்ணில் படாது. அவருக்குத் தேவை ஒரு கொப்பரை, ஒரு கொடி, ஒரு "ஆயிரம் ஆண்டு".

என் பழைய மாணவர்களுக்கு மூன்று வீட்டுப்பாடம். ஒன்று: எந்த நாட்டு உணவைப் பற்றிப் பகிர்ந்தாலும் அந்த ஊர்க்காரர் அதை எத்தனை பெயரிட்டுப் பிரிக்கிறார் என்று முதலில் பாருங்கள். இரண்டு: விருந்தைக் காட்டினால், வாரநாளில் என்ன உண்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று, இதுதான் முக்கியம்: யாராவது "கலப்பில்லாதது" என்று சொன்னால், அதை எழுதுவதற்கு முன் யாருடைய பெயரை அழித்தார்கள் என்று தேடுங்கள். ஹங்கேரியைப் பற்றிச் சொன்னாலும் சரி, நம் தெருவைப் பற்றிச் சொன்னாலும் சரி.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் அழிக்க வேண்டியதில்லை. கீழே இந்தப் பதிவையும் சேர்த்துவிடுங்கள், போதும். மாற்றுக்கருத்தை மதிப்போடு எழுதினால் பதில் சொல்வேன். வசவு வந்தால் நீக்குவேன்.